பூக்காரர் சும்மா இருக்கிறார்

மனைவி குளியலறைக் கதவைத் தட்டியபோது, பூக்காரர் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து சும்மா இருக்க முயன்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, உள்ள என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணலை."

"தண்ணிச் சத்தமே கேக்கலையே?"

"அதான் சொல்றேனே, ஒண்ணும் பண்ணலைன்னு."

"ஒண்ணும் பண்ணாம இருக்கறதுக்கு எதுக்குங்க பாத்ரூம்? வயிறு ஏதாவது சரியில்லையா?"

"வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சும்மா இருக்கேன்."

கதவுக்கு வெளியே வளையல் சத்தம் நகர்ந்தது. ஆள் போய்விட்டாள் என்று பூக்காரர் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

"சும்மாதானே இருக்கீங்க? அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் துடைச்சிடுங்களேன். பழைய துணி குழாய்க்குப் பின்னால இருக்கு."

பூக்காரர் துடைத்தார். கல்யாணமான ஆண்பிள்ளை வேறு என்ன செய்வார்?

அவரைக் கம்பெனியில் எல்லாரும் பூக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பூ விற்கிறவர் இல்லை. படுக்கை விரிப்புகளுக்குப் பூப் போடுகிறவர். ஒரே ஒரு கட்டத்துக்குள் பூவை வரைந்து கொடுத்துவிட்டால் போதும். அச்சு இயந்திரம் அதையே திரும்பத் திரும்ப அடித்து விரிப்பு முழுக்க நிரப்பிவிடும். இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. பூ நன்றாக வந்தால் வரைந்தவருக்குப் பெருமை. வராவிட்டாலும் பாதகமில்லை, மேலே ஆள் படுத்துவிட்டால் பூ தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் விதவிதமாகத்தான் போட்டுத் தள்ளினார். மழையில் நனைந்த பூ, வெட்கப்படுகிற பூ, யார் மேலோ கோபித்துக்கொண்டு திரும்பிக்கொண்ட பூ என்றெல்லாம் போட்டிருக்கிறார். பிறகு கல்யாணம் வந்தது, வீட்டுக் கடன் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கைப்பேசி வந்தது. அதன்பின் பென்சிலைக் கையில் எடுத்தாலே போதும், போன் சிணுங்கும். குடியிருப்புக் குழுவில் ஒருவர் தண்ணீர் வரவில்லை என்பார். எனக்கு வருகிறதே என்பார் இன்னொருவர். மூன்றாமவர் அதற்கு ஒரு சிரித்த முகம் போடுவார். என் வீட்டில் தண்ணீர் வராதது உமக்குச் சிரிப்பாக இருக்கிறதா என்று சண்டை தொடங்கும். உறவுக்காரர்கள் குழுவிலோ காலை வணக்கம் ஓய்வதற்குள் இரவு வணக்கம் ஆரம்பித்துவிடும். ஆபீஸ் குழு இன்னும் மோசம். அதில் வருவதைப் படிப்பதையே அவர் நிறுத்திவிட்டார்.

இத்தனைக்கும் நடுவில் பூ எங்கிருந்து பூக்கும்? எப்போதோ வரைந்த ஐந்து இதழ்ப் பூ ஒன்று இருந்தது. அதற்கு ஒரு வருஷம் நீலம் அடிப்பார், மறு வருஷம் ஊதா அடிப்பார். காலம் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தத் திங்கட்கிழமைதான் வினை வந்தது. அதே பூவுக்குப் பச்சை அடித்து மேனேஜர் அறைக்குக் கொண்டுபோனார். அவர் வேலை செய்யும் இடம் அச்சு இயந்திரங்களுக்குப் பின்னால் தனியாக ஒரு மூலையில் இருந்தது. மேனேஜர் அறைப் பக்கம் எப்போதாவதுதான் போவார். வழக்கமாக மேனேஜர் ஒரு காதில் ஒரு போனும் மறுகாதில் இன்னொரு போனுமாக இருப்பார். பூவைப் பார்க்காமலேயே தலையாட்டிவிடுவார். அன்றைக்கு அப்படி இல்லை. மேசை மேல் ஒரு தாள் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, போன் அடிக்கவும் இல்லை. மனுஷர் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடடே, வாங்க வாங்க! உக்காருங்க" என்றார் மேனேஜர்.

பூக்காரருக்குத் திக்கென்றது. இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

மேனேஜர் பூவை வாங்கி நேராகப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது போன வருஷம் ஊதாவா இருந்துச்சு இல்ல?"

"ஆமா சார்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"நீலம் சார்."

"பூ மாறவே இல்லையா?"

"அதான் கலர் மாறுதே சார்."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "வெள்ளிக்கிழமை புதுசா ஒரு பூவோட வாங்க. உங்க மனசுலேர்ந்து வந்த பூவா இருக்கணும். இல்லேன்னா..."

"இல்லேன்னா சார்?"

"இல்லேன்னா யோசிக்க வேண்டியதுதான்."

மேலதிகாரி யோசிக்க ஆரம்பித்து யாருக்காவது நல்லது நடந்ததாகப் பூக்காரர் கேள்விப்பட்டதில்லை. கம்ப்யூட்டரே பூப் போட்டுத் தருகிற காலம் இது. வேலை போகப்போகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் உள்ளே எட்டிப் பார்த்தது: உண்மையிலேயே தன்னிடம் இனிமேல் ஒரு பூவும் இல்லையோ?

"மனசுல ஒண்ணும் வரமாட்டேங்குது சார். ஒரே இரைச்சலா இருக்கு" என்றார், அழாத குறையாக.

"சும்மா இருந்து பாத்திருக்கீங்களா?"

"சார்?"

"சும்மாங்க. போன் கூடாது, பேப்பர் கூடாது, பேச்சு கூடாது. ஒரு இடத்துல உக்காந்து சும்மா இருக்கணும். நான் இப்பல்லாம் அப்படித்தான். ஆரம்பத்துல பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்கும். போகப் போகப் பழகிடும்." மேனேஜரின் குரல் லேசாக இடறியது. "இந்த வாரம் ஆபீஸ் பக்கமே வராதீங்க. வீட்டுலயே சும்மா இருங்க."

"லீவு எழுதிக் குடுக்கணுமா சார்?"

"எதுக்கு? அதான் நான் சொல்றேனே!"

இப்படித்தான் செவ்வாய்க்கிழமை காலையில், ஊரே வேலைக்குப் போன பிறகு, பூக்காரர் வாளி மேல் உட்கார நேர்ந்தது.

ஜன்னலைத் துடைத்துவிட்டு அவர் கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே வெள்ளைத் தாள், கையில் சீவிய பென்சில்.

"சும்மாதானே இருக்கீங்க, இந்த வெங்காயத்தை உரிங்க" என்று ஒரு கூடை வந்தது.

உரித்தார். பிறகு எதிர் வீட்டு அம்மாள் வந்தாள். "சார் வீட்டுல சும்மாதான் இருக்காராமே? எங்க வீட்டு விளக்கு எரியலை. கொஞ்சம் ஏணியில ஏறிப் பாக்கச் சொல்லுங்களேன்."

ஏறிப் பார்த்தார். இறங்கி வந்தவர் மனைவியிடம் சீறினார். "சும்மா இருக்கறதுன்னா என்னன்னு இந்த வீட்டுல யாருக்கும் தெரியாதா? ஒரு மனுஷன் சும்மா இருக்கணும்னா எவ்வளவு கஷ்டம்!"

மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "என் பொண்டாட்டி வீட்டுல சும்மாதான் இருக்கான்னு ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரியறீங்களே, நான் சும்மா உக்காந்து ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?"

பூக்காரர் யோசித்துப் பார்த்தார். பார்த்த ஞாபகம் இல்லை. எனவே பேச்சை மாற்றி, கைப்பேசிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றார். அதை அணைத்து, அலமாரியில் குளிர்காலக் கம்பளிகளுக்கு அடியில் திணித்து, அலமாரியைப் பூட்டினார். அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா, மைத்துனன் அக்காவைக் கூப்பிடும் வரைதான் நீடித்தது.

மைத்துனன் கைப்பேசிக் கடை வைத்திருந்தான். ஒருவருடைய போன் அணைந்திருந்தால் அவனுக்கு இருப்புக் கொள்ளாது.

"அக்கா, மாமா போன் ஏன் ஆஃப்ல இருக்கு?"

"அவரேதான்டா அணைச்சு வச்சிருக்கார். வீட்டுல சும்மா இருக்கார்."

"வீட்டுல சும்மா இருக்காரா? எப்போலேர்ந்து?"

"இன்னைக்குத்தான் ஆரம்பிச்சது. மேனேஜர் கூப்பிட்டு, இனிமே ஆபீஸ் பக்கமே வராதீங்கன்னுட்டாராம்."

"அய்யோ! மேனேஜரே சொல்லிட்டாரா?"

"உக்கார வச்சு நல்லபடியாத்தான் சொன்னாராம். ஆரம்பத்துல கஷ்டமா இருக்கும், போகப் போகப் பழகிடும்னாராம்."

"எப்படிக்கா இவ்வளவு தைரியமா இருக்கே?"

"இதுல தைரியத்துக்கு என்னடா இருக்கு? கூடமாட ஒத்தாசையா இருக்கார். ஜன்னலெல்லாம் பளபளன்னு இருக்கு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தம்பிக்குச் சளி பிடித்திருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை மைத்துனனும் மாமனாரும் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்து இறங்கினார்கள். கூடத்தில் பூக்காரர் வெள்ளைத் தாளை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் மாமனார் அவசரமாக அருகில் போனார். பழத்தை மாப்பிள்ளை மடியில் வைத்தார்.

"மாப்பிள்ளை, மனசைத் தளர விட்டுடாதீங்க. ஆம்பளைக்கு இதெல்லாம் வர்றதுதான்."

பூக்காரருக்குப் பெருமையாக இருந்தது. தன் பூக் கஷ்டத்தை மாமனார்கூடப் புரிந்துகொண்டிருக்கிறாரே! "உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கா மாமா?"

"இல்லைப்பா, எனக்கு ஆனதில்லை. அதுக்காக..." மாமனார் தடுமாறினார். "இன்னும் எத்தனை நாளைக்கு இப்படிச் சும்மா இருக்கறதா உத்தேசம்?"

"பழகிட்டா வாழ்நாள் பூரா இருக்கலாம்னு பாக்கறேன் மாமா."

மாமனார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ குடும்பம்?"

"அவளையும் பழக்கிடணும். முதல்ல போனை விடணும். அப்புறம் ஒவ்வொண்ணா விட்டுடலாம்."

"சோத்தையுமா?" என்றான் மைத்துனன் ஈனக்குரலில்.

அந்த நேரம் பார்த்து மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். கையில் கத்தி, கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

"அழாதேம்மா" என்று மாமனார் எழுந்தே விட்டார். "நாங்கள்ளாம் இல்லையா?"

"அழலைப்பா. வெங்காயம்."

"எனக்குத் தெரியாதா? நீ சின்னப் பொண்ணா இருக்கும்போதும் இப்படித்தான், அழுதா தூசின்னு சொல்லுவே. வேலை போனதை எங்ககிட்ட மறைக்கலாமாம்மா?"

"யாருக்கு வேலை போச்சு?"

"மாப்பிள்ளைக்கு."

"அவருக்கு வேலையெல்லாம் போகலையே?"

"போகலைன்னா ஆபீஸ் நேரத்துல வீட்டுல உக்காந்து என்ன பண்றார்?"

"சும்மா இருக்கார்."

"அதைத்தானேம்மா நாங்களும் சொல்றோம்!"

பேச்சு இப்படியே செக்குமாடாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பூக்காரர் இடையில் புகுந்து விளக்கம் சொல்லப் போனார். வேலை இருக்கிறது, ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் பூ வராவிட்டால் போய்விடும், பூ வரவேண்டுமென்றால் வேலைக்குப் போகக் கூடாது, வேலை செய்யவும் கூடாது. சொல்லச் சொல்ல அவருக்கே ஒன்றும் புரியவில்லை. கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமா, நாளைக்கே என் கடையில வந்து உக்காருங்க" என்றான் மைத்துனன். "ரிப்பேருக்கு வர்ற போன் எல்லாம் சரியா அடிக்குதான்னு பாத்துச் சொன்னாப் போதும். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கும். உங்களுக்குப் பொழுது போறதே தெரியாது."

பூக்காரர் பென்சிலையும் தாளையும் எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

தெருமுனைப் பூங்காவில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. உட்கார்ந்தார். காவல்காரர் வந்தார்.

"சார், நடக்கறீங்களா, ஓடறீங்களா?"

"ரெண்டும் இல்லை. சும்மா உக்காந்திருக்கேன்."

"இந்த நேரத்துல சும்மா உக்கார விடமாட்டோம் சார். நடக்கறவங்க களைச்சுப் போனா உக்காரத்தான் இந்த பெஞ்சு. நீங்க கொஞ்சம் களைச்சுட்டு வாங்க."

அங்கிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனார். அங்கே நிற்க யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தார். பஸ் வந்தது. நின்றது. கதவு திறந்தது.

"ஏறுங்க சார்" என்றார் ஓட்டுநர்.

"நான் ஏறலை."

"அப்போ எதுக்கு நிக்கறீங்க?"

"சும்மா."

ஓட்டுநர் பார்த்த பார்வையைச் சொல்லி மாளாது. அடுத்த பஸ்ஸும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஒவ்வொன்றும் இவருக்காக நின்று, திட்டிவிட்டுப் போனது. கடைசியாக வந்ததிலிருந்து எதிர் வீட்டு அம்மாள் இறங்கினாள். வந்த பஸ்ஸிலும் ஏறாமல் சும்மா நிற்கும் மனுஷரைக் கண்டதும் அவள் நெஞ்சில் கைவைத்தாள். சாயங்காலத்துக்குள் குடியிருப்புக் குழுவில் தண்ணீர்ச் சண்டை ஓய்ந்து, பூக்காரர் நிலைமை பற்றிய பேச்சு ஆரம்பித்தது. அவருடைய போன் பூட்டிக் கிடந்ததால் அவர் ஒருவருக்குத்தான் அது தெரியாது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, என் மேல ஆணையாச் சொல்லுங்க. வேலை இருக்குல்ல?"

"இருக்கு."

"நிச்சயமா?"

"இருக்குன்னுதான் நினைக்கறேன்" என்றார் பூக்காரர். மேனேஜர் சொன்னதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஆபீஸ் பக்கமே வராதீங்க. போகப் போகப் பழகிடும். லீவு எழுத வேண்டாம். சோறு இறங்கவில்லை. உட்கார வைத்து மரியாதையாகச் சொன்னதால் தனக்குத்தான் புரியாமல் போய்விட்டதோ?

வியாழக்கிழமை முழுக்க அவர் தாளின் முன் உட்கார்ந்து ஐந்து இதழ்ப் பூவையே மறுபடி மறுபடி வரைந்து கிழித்தார். சாயங்காலம் மைத்துனன் மூச்சு வாங்க வந்தான். முகத்தில் நல்ல காரியம் செய்த களை.

"மாமா, நீங்க கவலையே படாதீங்க. நான் உங்க ஆபீஸுக்கே போய் மேனேஜரைப் பாத்துட்டேன்."

"எதுக்குடா?"

"எங்க மாமாவை வேலையை விட்டு எடுத்துடாதீங்க சார்னு கேக்கத்தான். பேசப் பேச அழுகை வந்துடுச்சு மாமா. அழுதுட்டேன்."

"அடப்பாவி! அவர் என்ன சொன்னார்?"

"அவரும் அழுதுட்டார்."

"அவர் எதுக்கு அழுதார்?"

"தெரியலை மாமா. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'வேலை போன மனுஷனோட கஷ்டம் யாருக்குத் தம்பி தெரியுது'ன்னார். 'என்னால முடிஞ்சா செய்ய மாட்டேனா'ன்னார். இதைவிட நல்ல மனுஷன் கிடைக்கமாட்டார் மாமா."

பூக்காரர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேலையை விட்டு எடுக்கிறவரே அழுதிருக்கிறார் என்றால் இனி என்ன இருக்கிறது? மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு ஆரஞ்சை உரித்து அவர் கையில் வைத்தாள். இருவரும் ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்கள். அந்த வாரத்தில் அவர் உண்மையிலேயே சும்மா இருந்தது அப்போதுதான். அது அவருக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சட்டையை மாற்றிக்கொண்டு, ஒன்றுமில்லாத தாளை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார். மேனேஜரைப் பார்த்து, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். வேலை போய்விட்டது என்று மனசு ஒரு முடிவுக்கு வந்ததும் தலைக்குள் இருந்த இரைச்சலெல்லாம் விளக்கை அணைத்தது போல அடங்கிவிட்டது. யாருக்காகவும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

நிறுத்தத்தில் வரிசையாக ஆட்கள் நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் கழுத்தை வளைத்து, தலையைக் குனிந்து, உள்ளங்கையில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் லேசாகச் சிரித்தாள். ஒரு பெரியவர் புருவத்தை நெரித்தார். பள்ளிக்கூடப் பையோடு ஒருத்தி நின்றபடியே தூங்கி வழிந்தாள். நீளமான கழுத்துகள், கவிந்த தலைகள். காம்பும் மொட்டுமாக ஒரு தோட்டமே அங்கே நின்றிருந்தது.

பூக்காரரின் கை தானாக அசைந்தது. ஒரு பஸ்ஸை விட்டார். இன்னொன்றையும் விட்டார். ஓட்டுநர் திட்டியது காதில் விழவில்லை. கட்டத்துக்குள் ஒரு கொத்துப் பூ வளைந்து வளைந்து முளைத்தது. சிரிக்கிற பூ, சிடுசிடுக்கிற பூ, தூங்குகிற பூ. முடித்துவிட்டுப் பார்த்தபோது அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. வேலை போனால் போகட்டும், பூ போகவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

பின்வாசல் வழியாக மேனேஜர் அறைக்குள் நேராகப் போய்த் தாளை மேசை மேல் வைத்தார். மேனேஜர் எடுத்துப் பார்த்தார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், முகத்துக்கு அருகே கொண்டுவந்து பார்த்தார்.

"என்னங்க இது? பூவா, மனுஷங்களா?"

"எட்ட நின்னு பாத்தா பூ சார். கிட்ட வந்து பாத்தா நாமதான்."

மேனேஜர் வெகுநேரம் தாளைக் கீழே வைக்கவே இல்லை. "இதைத்தாங்க கேட்டேன்" என்றார் கடைசியில். குரல் கம்மியிருந்தது. "சும்மா இருந்தா வரும்னு நான் சொன்னேன் இல்ல? உடனே அச்சுக்கு அனுப்புங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சார், அப்போ என் வேலை?"

"உங்க வேலைக்கு என்ன?"

"எடுத்துடுவீங்கன்னு பயந்துக்கிட்டு இருந்தேன் சார்."

"அட போங்க. உங்களை எடுக்க நான் யாருங்க?"

எவ்வளவு பெரிய பதவி, எவ்வளவு அடக்கம்! பூக்காரருக்குப் புல்லரித்தது. கும்பிட்டுவிட்டு, தரையில் கால் பாவாமல் வரவேற்பறைக்கு வந்தார். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அவரைப் பார்த்ததும் பேயைப் பார்த்த மாதிரி எழுந்து நின்றாள்.

"சார்! வாரம் பூரா எங்க சார் போனீங்க? போன் பண்ணிப் பண்ணி என் விரல் தேஞ்சுபோச்சு. நேத்து உங்க வீட்டு ஆள் ஒருத்தர் வேற வந்து வேலை வேலைன்னு அழுதுட்டுப் போனார். நீங்க வேலையை விட்டுட்டீங்கன்னே முதலாளி முடிவு பண்ணிட்டார். உங்க இடத்துக்கு வேற ஆள் பாத்தாச்சு!"

பூக்காரர் சிரித்தார். "என்னம்மா உளர்றே? ஆபீஸ் வர வேண்டாம்னு சொன்னதே சார்தான். இந்தப் பூவை அச்சுக்கு அனுப்பச் சொல்லி இப்போதான் அவரே ஓகே பண்ணினார்."

"எந்த சார்?"

பூக்காரர் திரும்பிக் கண்ணாடி அறையைக் காட்டினார். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "அந்த சாரா? அவருக்கு வேலை போய் ரொம்ப நாளாச்சே சார்! வீட்டுல சொல்லப் பயந்துக்கிட்டு, பாவம், தினமும் அந்தக் காலி ரூம்ல வந்து சும்மா இருந்துட்டுப் போறார்."